கட்டுநர் பங்கு, குடியிருப்போர் பங்கு: பழவேற்காடு ஏற்கும் பங்கு எந்தக் கணக்கில்?

சென்னையில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு பழைய வழக்கு புதிதாகத் தொடங்குகிறது. அது நீதிமன்றத்தில் நடப்பதைவிட அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டங்களிலும் கட்டுமான நிறுவனங்களின் கோரிக்கை மனுக்களிலும்தான் அதிகம் நடக்கிறது. நகரத்தின் குடிநீர்ச் செலவை யார் ஏற்பது என்பதே வழக்கு. முப்பது ஆண்டுகளாக வரி செலுத்திவரும் பழைய குடியிருப்பாளர், எதிர்மனையில் எழும் புதிய கோபுரத்துக்கு நான் ஏன் குழாய் பதித்துத் தர வேண்டும் என்கிறார். கட்டுமான நிறுவனமோ, அனுமதி வாங்கும்போதே சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டோம், இனியும் எங்களிடம் கேட்காதீர்கள் என்கிறது. அந்தக் கட்டணம் தன் வீட்டு விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டதை அறிந்த புதிய உரிமையாளர், பணம் கொடுத்தும் குழாய் வரவில்லை, லாரிக்குத் தனியாகச் செலவழிக்கிறேன் என்று புலம்புகிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் இந்த வழக்கில் சேர்க்கப்பட வேண்டிய ஒரு தரப்பு இன்றுவரை சேர்க்கப்படவில்லை. உரிமையியல் வழக்குகளில் இதைத் தேவையான தரப்பினரைச் சேர்க்காத குறை என்போம். அந்தக் குறையோடு வரும் தீர்ப்பு நிற்காது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள தலித் மற்றும் இருளர் குடும்பங்களுக்காகச் சட்டப் பணி செய்துவரும் நாங்கள், அந்த விடுபட்ட தரப்பின் கணக்கை இங்கே எடுத்துவைக்கிறோம். நகரம் குடிக்கும் நீரின் ஒரு பகுதி பல பத்தாண்டுகளாக இந்த வட்டாரத்தின் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் கடலிலிருந்தும் போகிறது. அதற்கான செலவில் ஒரு பகுதியை இம்மக்கள் ரூபாயாக அல்லாமல் பிழைப்பாகச் செலுத்திவருகிறார்கள்.

முதலில் நகரத்துக்குள் இருக்கும் கணக்கைப் புரிந்துகொள்வோம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியம், அதாவது மெட்ரோ வாட்டர், மூன்று பைகளிலிருந்து பணம் எடுக்கிறது. ஒன்று, கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடாக வரும் குடிநீர், கழிவுநீர் வரி. மற்றொன்று, பயன்படுத்தும் நீருக்கான கட்டணம். மூன்றாவது, பல மாடிக் கட்டடங்களையும் சிறப்புக் கட்டடங்களையும் எழுப்புவோரிடம் 1998 முதல் பெறப்படும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணம். இவற்றுக்கு வெளியே, 2007இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவின்கீழ், உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று இன்னொன்றும் உண்டு. வளர்ச்சி உண்டாக்கும் தாக்கத்தை ஈடுசெய்வதற்காக இதை விதிக்கிறோம் என்பது அந்தப் பிரிவு சொல்லும் காரணம். தாக்கம் என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் விளக்கியது. வரி பொதுத் தேவைக்கானது. செலுத்தியவருக்கு நேரடிப் பயன் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கட்டணமோ ஒரு குறிப்பிட்ட சேவைக்கு ஈடாகப் பெறப்படுவது. பிந்தைய தீர்ப்புகள் இந்த ஈட்டுப் பொருத்தத்தைத் தளர்த்தினாலும் அடிப்படை மாறவில்லை. கட்டுமான நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் வாதமும் இதுதான்: எங்கள் கட்டடத்துக்குக் குழாய் வராதபோது எதற்குக் கட்டணம்? பழைய மாமல்லபுரம் சாலையில் குழாய் இணைப்பின்றியே குடிநீர் வரி கேட்கப்பட்டோர் எழுப்பிய கேள்வியும் இதன் மறுவடிவமே.

இந்தச் சண்டையில் யாரும் தொடாத எண் ஒன்று உண்டு. மீஞ்சூர் ஆலை என்று பெயர் பெற்ற, உண்மையில் காட்டுப்பள்ளியில் இருக்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தித் திறன். தனியார் கட்டி 25 ஆண்டுகள் இயக்கும் ஒப்பந்தம். வாரியம் வாங்குவதற்குத் தொடக்கத்தில் குறித்த விலை ஆயிரம் லிட்டருக்கு ரூ.48.66. முழுத் திறனில் இயங்கினால் ஒரு நாளைக்கு ரூ.48.66 லட்சம், ஆண்டுக்குச் சுமார் ரூ.177 கோடி. இனி குடும்பக் கணக்கு. பெருநகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேட்டு அளவு. நால்வர் கொண்ட வீட்டுக்கு மாதம் 18,000 லிட்டர். மீஞ்சூர் விலையில் அதன் மதிப்பு ரூ.876. அளவைக்கருவி இல்லாத வீடுகள் பல ஆண்டுகளாகச் செலுத்தியது மாதம் ரூ.50, அண்மைக் காலத்தில் அது உயர்த்தப்பட்டபோதும் இடைவெளி இடைவெளியாகவே இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது அரசுப் பணம். தீப்பெட்டி வாங்கும்போதும் வலைக்கயிறு வாங்கும்போதும் மறைமுக வரி செலுத்தும் பழவேற்காட்டுக்காரரின் பணமும் அதில் இருக்கிறது. அவருக்கு அரசு வகுத்துள்ள அளவு வேறு. ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமத்தில் வாழும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஒரே மாநிலம், ஒரே வட்டாரத்து நீர். தொண்டைக்குத் தொண்டை அளவு மாறுகிறது.

மூன்று முறை எடுத்த நீர்

பழவேற்காடு ஏரி கடலும் அன்று, ஆறும் அன்று. முகத்துவாரம் வழியே வரும் கடல்நீரும், ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும் கலப்பதால்தான் அங்கே இறாலும் நண்டும் மீனும் வளர்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரிக்கு எவ்வளவு நன்னீர் வந்தது என்பது ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டின் வருமான அறிக்கை. தெற்கே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் இரண்டு நீர்ப்பரப்புகளையும் இணைக்கிறது.

நகரம் முதலில் எடுத்தது ஆற்றுநீர். கொசஸ்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் கட்டப்பட்டதால் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நகரம் அன்று தாகத்தில் இருந்தது, அணை தேவைப்பட்டது. அதை நாங்கள் மறுக்கவில்லை. கழிமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த நீருக்கு அங்கே யாரெல்லாம் உரியவர்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அடுத்து நிலத்தடி நீர். 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகை ஆராயப்பட்டது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்து நகரத்துக்கும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. கடற்கரை ஓரத்து நிலத்தடியில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். அப்படியே வந்தது. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் இருந்த உவர்முகம் 1983இல் 7 கி.மீ., 1987இல் 9 கி.மீ. என்று நகர்ந்தது. 1987இல் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. உப்பு ஏறிய கிணறு சட்டத்தைக் கண்டு திரும்பி இனிக்காது. மாநிலம் முழுமைக்குமாக 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது தனிக் கதை.

மூன்றாவதாகக் கடல். நிலத்தடியில் உப்பை வரவழைத்த பின், அதே கரையில் உப்பு நீக்கும் ஆலை. சவ்வூடு பரவல் முறையில் ஒரு லிட்டர் நன்னீர் பெற இரண்டு லிட்டருக்கு மேல் கடல்நீர் உறிஞ்சப்படுகிறது; மிச்சம், கடலைவிட ஏறக்குறைய இருமடங்கு உப்போடு, கடலுக்கே திரும்புகிறது. அந்த இடத்தில் வலை விரிப்போர், மீன்வரத்து குறைந்ததென்று தொடர்ந்து முறையிடுகிறார்கள். உறிஞ்சு குழாயும் கழிவுக் குழாயும் மட்டும் இதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம், அனல்மின் நிலையங்களின் சாம்பல், அரித்துப்போகும் கரை எல்லாம் ஒரே கழுத்தில் விழுந்த சுமைகள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. தாக்கத்தைப் பிரித்துக் காட்டு, உன் இழப்பில் எத்தனை விழுக்காடு எங்களால் என்று நிறுவு என ஒவ்வொரு நிறுவனமும் கேட்கும். ஏரியில் இறங்கி இறால் தேடும் ஒருவரால் அதை நிறுவ முடியாது. மெய்ப்பிக்கும் சுமை யார்மீது என்பதே இதில் பாதி நீதி.

பாடும் பட்டாவும்

இங்கே எங்கள் வாசகர்களுக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டு மக்கள் என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது எளிது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் யார் மறைகிறார்கள் என்பதைப் பார்ப்பது நம் பணி.

ஏரியில் மீன்பிடி இடங்களைப் பங்கிடப் ‘பாடு’ என்ற முறை உண்டு. பட்டினவர் சமூகத்தின் குப்பங்கள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாளில் எந்த இடத்தில் சுத்து வலை கட்டுவது என்று தீர்மானிக்கின்றன. வளம் மிகுந்த இடம் ஒருவருக்கே நிலைக்காமல் சுழன்றுவரும். பொதுவளத்தைச் சண்டையின்றிப் பகிர்வதற்குச் சான்றாக உலகெங்கும் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். பாராட்டு பொருத்தமானதே. ஆனால் சீட்டுக் குலுக்கும் குடத்துக்குள் யாருடைய பெயர் போடப்படும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஆதிதிராவிடர் குடும்பங்களும் இருளர் பழங்குடியினரும் நெடுங்காலம் அந்தக் குடத்துக்கு வெளியே இருந்தார்கள். எஞ்சிய இடத்தில், எளிய கருவிகளோடு, பல நேரம் கருவியே இன்றி. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பது இன்றும் நடக்கும் தொழில்.

உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயம், வெளியே இருப்பவர்களுக்குக் கணக்கே இல்லை. நகரத்தின் குடிநீர்ச் செலவுப் பங்கீடும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. குடியிருப்போரும் கட்டுநரும் வாரியமும் ஒரு குடத்தைச் சுற்றி உட்கார்ந்து சீட்டுப் போடுகிறார்கள். பாட்டு உரிமை உள்ள பட்டினவரே அந்தக் குடத்தில் இல்லை எனும்போது, பாட்டுக்கும் வெளியே நிற்பவர் இரண்டு குடங்களுக்கு வெளியே நிற்கிறார். இழப்பீடு என்று ஏதேனும் வரும்போதும் அது படகு வைத்திருப்பவரையும் வலை வைத்திருப்பவரையும் பட்டா வைத்திருப்பவரையும் தேடி வருகிறது. கையால் துழாவுகிறவரிடம் காட்டுவதற்குப் பதிவுச் சான்று எதுவும் இல்லை.

நிலத்தடி நீரிலும் இதுவே நடந்தது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. நீர் நிலத்தின் வால் போல ஒட்டிக்கொண்டே போகிறது. 2000களின் தொடக்கத்து வறட்சியில், திருவள்ளூர் மாவட்டத்தில் வெள்ளியூர் உள்ளிட்ட ஊர்களின் பாசனக் கிணறுகளிலிருந்து வாரியம் விலை கொடுத்து நீர் வாங்கியது. நிலம் வைத்திருந்தவருக்கு நீர் விற்ற பணம் வந்தது. நெல்லை விட அது லாபமாகவும் இருந்தது. பயிர் நின்றபோது நடவுக்கும் களையெடுப்புக்கும் போன கைகளுக்கு, பெரும்பாலும் தலித் பெண்களின் கைகளுக்கு, வேலை நின்றது. அவர்கள் எதையும் விற்கவில்லை. எனவே விலையும் பெறவில்லை. ஏன் அவர்களிடம் நிலம் இல்லை என்ற கேள்விக்கு விடை பழையது. பொன்னேரி வட்டம் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர்களின் நிலமின்மையை அரசின் மேசையில் வைத்தது. பஞ்சமி நில ஒதுக்கீடு அதன் விளைவு. அந்நிலங்கள் கைமாறிய கதை இந்தத் தளத்தில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நாம் சேர்க்க வேண்டியது ஒன்றே: நீருரிமை நிலவுரிமையோடு கட்டப்பட்டிருக்கும் நாட்டில், பஞ்சமி நிலத்தை இழந்தவர் அதன் அடியில் இருந்த நீரையும் சேர்த்தே இழந்தார்.

சட்டத்துக்கு இம்மக்கள் தெரியாதவர்களும் அல்லர். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குத் தரும் விளக்கத்தில், நீர்நிலைகளைச் சார்ந்து மூன்று ஆண்டுகள் பிழைத்துவந்த மீனவர்களையும் படகோட்டிகளையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. பட்டா தேவையில்லை, பிழைப்பே சான்று. முன்னேற்றமான வரையறை. ஆனால் நிலம் கையகப்படுத்தப்பட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். ஆற்றை மேலே மறித்தால், நிலத்தடியை உறிஞ்சினால், கடலைக் குழாய்வழி இழுத்தால், சட்டத்தின் பார்வையில் எதுவும் கையகப்படுத்தப்படவில்லை.

1996 டிசம்பரில் இரண்டு நாள் இடைவெளியில்

இதற்கு மாற்று வழியும் நம் நீதிமன்றப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. 1996 டிசம்பர் 11 அன்று ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுவந்தவர் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் ஜெகந்நாதன். கீழ்வெண்மணிக்குப் பின் நாகை வட்டாரத்துத் தலித் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத்தரும் பணியில் கிருஷ்ணம்மாளோடு நின்றவர். இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உவராக்கியது பற்றிய வழக்கு அது. சில்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று நீதிமன்றம் பெயர் குறித்தே தடை விதித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியையும், அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் நிறுவியதைத் தொடர்ந்து, இங்கும் பயன்படுத்தியது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அத்தீர்ப்பின் பாதுகாப்புகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. எனினும் நெறி நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, நீதிபதி குல்தீப் சிங் இடம்பெற்ற அதே அமர்வு கமல்நாத் வழக்கில் பொது நம்பிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. ஆறும் கடலும் அரசின் சொத்தல்ல. மக்களுக்காக அரசு காவல் காக்கும் பொருள் என்பது அதன் சாரம். அத்தீர்ப்பு துணைக்கு அழைத்தவற்றில் ஒன்று கலிபோர்னியாவின் மோனோ ஏரி வழக்கு. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 1941 முதல் அந்த உப்பேரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக் குடித்தது. ஏரி சுருங்கியது, உப்பு ஏறியது. 1983இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், நகரத்துக்கு வழங்கிய நீருரிமைகூடப் பொது நம்பிக்கைக்கு உட்பட்டதே, மறுபரிசீலனை செய்யலாம் என்றது. 1994இல் ஏரிக்கு ஒரு நீர்மட்டம் குறிக்கப்பட்டு, அதை எட்டும்வரை நகரம் எடுக்கும் அளவு குறைக்கப்பட்டது. நகரம் தாகத்தால் சாகவில்லை. சிக்கனத்தையும் மறுசுழற்சியையும் நோக்கித் திரும்பியது. ஒரு நகரத்தின் குடிநீரும் ஓர் உப்பேரியும் மோதிய வழக்கிலிருந்து நம் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கோட்பாடு, இன்னொரு நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இன்னோர் ஏரியில் இதுவரை முழுமையாகச் சோதிக்கப்படவில்லை.

எனில் யார் எவ்வளவு?

எல்லோரும் முழு விலையும் கொடுக்கட்டும் என்று சொல்லிவிடலாம். நாங்கள் அதை ஏற்கவில்லை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டோரும் இந்த நகரத்தின் குடியிருப்போரே; அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். கூவக்கரையில் இருந்த வீட்டை ஏற்கெனவே நகர வளர்ச்சிக்குக் கொடுத்தவர்களிடம் ரூ.876 கேட்பது கொடுமை. வாழ்வதற்கான அளவு நீருக்கு ஒரு விலையும், நீச்சல் குளத்துக்கும் புல்வெளிக்கும் வேறொரு விலையும் இருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு அடுக்குமாடி வீட்டுக்கும் அளவைக்கருவி தேவை. அதைப் பொருத்தும் செலவு கட்டுநருடையது.

கட்டுநரின் பொறுப்பு அதோடு முடிவதில்லை. புதிய தேவையை உருவாக்குவதால் லாபம் அடைபவர் அவர். கட்டணத்தை வாங்குவோர்மேல் ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஓரளவுக்கு ஏற்றத்தான் செய்வார்கள். ஆனால் நிலத்தின் விலையே நீர் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பால் உயர்கிறது என்பதால், முன்கூட்டியே தெரிந்த கட்டணம் நில விலையையும் ஓரளவு கீழே இழுக்கும். அதைவிட முக்கியம், பணத்துக்குப் பதிலாக நீரையே கேட்கலாம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஆலைகள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனில், 2019 முதல் இருக்கின்றன. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024இல் திறக்கப்பட்டு, பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை எழும் காலத்தில், கடலை மேலும் இழுப்பதற்கு முன் நகரத்தின் சொந்தக் கழிவுநீரை மீட்பதே முதல் கடமை. பெரிய குடியிருப்புகளில் அதற்கான செலவைக் கட்டுநர் ஏற்றால், அந்த அளவுக்குக் காட்டுப்பள்ளிக் கடலின் சுமை குறையும்.

மிஞ்சியது பழவேற்காட்டின் பங்கு. கனிமச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம் ஒரு முன்மாதிரி தருகிறது. சுரங்கம் நடத்துவோர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு, அதில் 10 அல்லது 30 விழுக்காட்டைக் கூடுதலாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும்; அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் பகுதிகளுக்கும் உரியது. அவ்வறக்கட்டளைகளின் பணம் பல மாவட்டங்களில் அதிகாரிகளின் விருப்பப்படி சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் போன குறையை நாங்கள் அறிவோம். கொள்கை சரியானது, ஆளுகை தவறிப்போனது. நிலக்கரிக்கும் இரும்புத்தாதுக்கும் ஊற்றிடத்தில் பங்கு உண்டென்றால், நீருக்கு ஏன் இல்லை? கட்டுநரிடம் பெறும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணத்திலும், தாக்கத்தை ஈடுசெய்வதற்கென்றே பெறும் 63-பி கட்டணத்திலும் ஒரு பங்கு, நீர் எடுக்கப்படும் இடத்துக்குச் சட்டப்படி திரும்ப வேண்டும். தாக்கம் கட்டடத்தின் வாசலில் முடிந்துவிடுவதில்லை.

அந்தப் பங்கைப் பெறுவோர் யார் என்பதைப் படகுப் பதிவோ பாட்டுரிமையோ பட்டாவோ தீர்மானிக்கக் கூடாது. 2013 சட்டத்தின் பிழைப்பு வரையறையே போதும். அதை ஆளும் குழுவில் பட்டினவரோடு ஆதிதிராவிடரும் இருளரும், குறிப்பாகக் கையால் துழாவும் பெண்கள், எண்ணிக்கையிலும் வாக்கிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு குடமாகி, பழைய சீட்டே குலுக்கப்படும். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் எடுத்தபோது, நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, குளத்தின் படியில் சாதி இருந்தது. பத்தாண்டுக்குப் பின் 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது.

உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் தீர்மானமாக வைப்பதற்கு ஒரு வரைவை நாங்கள் தயாரித்து வருகிறோம். அதோடு இணைப்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. 1998 முதல் இன்றுவரை உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணமாக ஆண்டுவாரியாகப் பெற்ற தொகை எவ்வளவு, எங்கெங்கே செலவிடப்பட்டது? 63-பி கட்டணத்திலிருந்து பொன்னேரி வட்டத்து ஊராட்சிகளுக்கு இதுவரை வந்தது எவ்வளவு? காட்டுப்பள்ளி ஆலைக்கு அருகிலுள்ள குப்பங்களில், அந்த ஆலையின் நீர் குழாய்வழி வரும் வீடுகள் எத்தனை? நகரக் குடியிருப்போர் சங்கங்களும் இதே கேள்விகளைத் தங்கள் பெயரில் அனுப்பலாம். முதல் கேள்விக்கான விடை அவர்களுக்கும் தேவைப்படும்.